கடைசியாகத் திறந்த நாலு ஃபைல்கள்

3.2.2004, செவ்வாய்

இன்று பதினோரு கடிதம், ஒரு சுற்றறிக்கை. சுற்றறிக்கை தணிகாசலம் சார் சொல்லச் சொல்ல அடித்தது. அவர் பர்சனல் ஆபீசர், நான் அவருடைய டைப்பிஸ்ட். ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. காலையில் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். பதினோரு மணிக்கு என் பக்கம் திருப்பி விடுவார்.

திங்கட்கிழமையிலிருந்து ஃபேக்டரி லைன்களில் வேலை செய்யும் பெண்கள் டாய்லெட் போகவேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டுமாம். முப்பது பேர் இருக்கும் லைனுக்கு ஒரே டோக்கன். போய்வர ஏழு நிமிடம். ஜி.எம். உத்தரவு. "ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும் பட்சத்தில், தாமதத்துக்கான காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்" என்று சார் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்து மூலம் என்னத்தைத் தெரிவிப்பது?

4.2.2004

சார் மீட்டிங்குக்குப் போயிருந்த நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. நானும் ஒரு சுற்றறிக்கை அடித்தேன்.

"தொழிலாளர்கள் ஒரு ஷிஃப்டில் இரண்டு முறைக்கு மேல் தும்மக் கூடாது. மூன்றாவது தும்மலுக்கு சூப்பர்வைசரின் முன் அனுமதி பெற வேண்டும். எதிர்பாராமல் தும்மிவிட்டவர் அதற்கான காரணத்தை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிறர் தும்மலைத் தன் தும்மலாகக் காட்டுவது ஒழுங்கீனமாகக் கருதப்படும்."

'தும்மல்' என்றே பெயர் வைத்து ஃப்ளாப்பியில் ஏற்றி, ஒரு பிரின்ட் எடுத்து, இரண்டையும் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ரூமுக்கு வந்து கிளாராவிடம் காட்டினேன். உவரிக்காரி, இரண்டாவது லைனில் ஒயர் கட்டுகிறாள். ஸ்ரீபெரும்புதூரில் இந்த ஒற்றை அறைக்கு நாங்கள் இரண்டு பேர். படித்துவிட்டுக் கட்டிலில் உருண்டாள். "ஏட்டி, இத எங்கிட்ட குடு. நான் வச்சுக்கிடுதேன்" என்று வாங்கி பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

5.2.2004

இன்று உயிர் போய்த் திரும்பி வந்தது.

சார் ஏதோ பழைய கடிதத்தைத் திறப்பதற்காக வேர்டில் ஃபைல் என்ற இடத்தை அமுக்கினார். அமுக்கினால் கீழே கடைசியாகத் திறந்த நாலு ஃபைலின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். இத்தனை நாள் அது என் கண்ணில் பட்டதே இல்லை. இரண்டாவதாக நின்றது தும்மல்.

"இன்னாம்மா இது, தும்மல்?"

"மெடிக்கல் லீவ் லெட்டர் சார். ஜலதோஷம்."

அதன்மேல் அமுக்கினார். ஃபைலைக் காணோம் என்று கம்ப்யூட்டர் ஒரு பெட்டியைக் காட்டியது. ஃப்ளாப்பிதான் என் பைக்குள் இருக்கிறதே. "இதுக்கு இன்னா கேடு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

ஃபைல் போன பிறகும் பெயர் நிற்கிறது. இது என்ன அநியாயம்.

10.2.2004

சாலமோன் வந்தார். வாரம் ஒருமுறை பைக்கில் வந்து கம்ப்யூட்டர்களைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் போகிற சர்வீஸ்காரர். தண்டலத்துக்காரர். சார் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன்.

"அந்த நாலு பேரை எப்படி அழிப்பது?"

"இன்னா சிஸ்டர், லவ் லெட்டரா?" என்றார். முறைத்தேன். பிறகு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார். டூல்ஸ், அதில் ஆப்ஷன்ஸ், அதில் ஜெனரல். அங்கே ஒரு டிக் இருக்கும். எடுத்துவிட்டு ஓகே கொடுத்தால் நாலும் காலி. திரும்பப் போய் டிக்கை வைத்துவிட வேண்டும்.

"அத்தோட வுட்றாத. கீழ ஸ்டார்ட்ல டாக்குமெண்ட்ஸ்னு ஒண்ணு கீது பாரு, அதுலயும் பேர் நிக்கும். முக்காவாசிப் பேரு அத மறந்துட்டுத்தான் மாட்டிக்கினு முழிக்கிறான்."

இரண்டையும் அழித்தேன். ஏழு கடிதம், ஒரு தும்மல், எல்லாம் போயே போச்சு. கை கழுவியது போல் இருந்தது.

12.2.2004

மூன்று நாளில் நாலு தடவை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு ஒன்றுமில்லாத நாளிலும்.

17.2.2004

கிளாராவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். அடிவயிற்றில் வலி, ஒன்றுக்குப் போனால் எரிச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா கேட்டார், "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?"

"ஷிஃப்டு முடியுத வரைக்கும் குடிக்க மாட்டேன் டாக்டர். குடிச்சாத்தான டோக்கன் கேக்கணும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நானும் லைனில் வேலை செய்கிறேன் என்று நினைத்து. எனக்கு டோக்கன் கிடையாது. ஆபீஸ் ஸ்டாஃப். அந்தச் சுற்றறிக்கையை அடித்தவளே நான்தான் டாக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.

லீவ் லெட்டரையும் ஆஸ்பத்திரி சீட்டையும் சார் மேஜையில் வைத்தேன். சீட்டை இரண்டு தடவை படித்தார். "ஒரிஜினல் என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

20.2.2004

கிளாரா ஒரு காரியம் செய்துவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, பைபிளுக்குள் இருந்த தும்மலை எடுத்துக்கொண்டு போய் கேன்டீன் போர்டில் டோக்கன் சுற்றறிக்கைக்குப் பக்கத்தில் குத்திவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீ நேரத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாவது லைனில் ஒருத்தி நிஜமாகவே சூப்பர்வைசரிடம் போய், "சார், ரெண்டு ஆயிட்டுது. மூணாவது வருது, கையெழுத்து போடுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவரும் பேனாவை எடுத்திருக்கிறார்.

ஜி.எம். எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "இந்த ஃபேக்டரில தமிழ் ஃபான்ட் இருக்கிற ஒரே சிஸ்டம் இது தணிகாசலம். ஒரு வாரத்துல எனக்குப் பேர் வேணும். வேலையை விட்டு அனுப்பணும்."

"விசாரிக்கிறேன் சார்."

ஜி.எம். போனதும் சார் மானிட்டரைத் தன் பக்கம் திருப்பி ஃபைலை அமுக்கினார். ஒன்றுமே இல்லை. காலையில்தான் அழித்திருந்தேன்.

"நேத்து எட்டு லெட்டர் அடிச்சமே. ஒண்ணுகூட காணோம்?"

"சிஸ்டம் மக்கர் சார்."

என்னையே பார்த்தார். ஏ பாவி, காலியா கெடந்தா சந்தேகம் வராதாட்டி? எதையோ ஒளிக்கிறவதான தொடச்சு வைப்பா. இது ஏன் எனக்கு முன்னாலேயே உறைக்கலை? வேலை போனால் நாங்குநேரிக்கு பஸ் ஏறவேண்டியதுதான். அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். மாப்பிள்ளை ஜாதகத்தைத்தான் எடுப்பார்.

23.2.2004

இனிமேல் வெறுமனே அழிப்பது கிடையாது. அழித்துவிட்டு, யோக்கியமான நாலு ஃபைல்களைத் திறந்து மூடி வைக்கிறேன். பஸ் நேரம், சீருடை அளவு, கேன்டீன் மெனு, தீயணைப்புப் பயிற்சி. என்னைப்போல ஒழுங்கான டைப்பிஸ்ட் காஞ்சிபுரம் ஜில்லாவில் கிடையாது.

மாலை சைக்கிள் ஸ்டாண்டில் சாரும் சாலமோனும் தலையைத் தலையோடு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சார் மழை வருமா என்று கேட்டார். பிப்ரவரியில்.

27.2.2004, வெள்ளி

கேன்டீன் போர்டில் புதிதாக ஒன்று. நான் எழுதியது இல்லை.

"கொட்டாவியானது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் தன்மையுடையதால், லைனுக்கு ஒரு கொட்டாவி டோக்கன் மட்டுமே வழங்கப்படும். மேற்படி டோக்கன் உள்ளவர் வாயைத் திறக்கலாம். அவர் மூடும்வரை மற்றவர்கள் காத்திருக்கவும். மேற்படி விதி நிர்வாகத்தின் மாதாந்திர மீட்டிங்குக்குப் பொருந்தாது."

கிளாரா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மொதல்ல எழுதுனத விட இதுதாம்ட்டி ஜோரு." நான் மறுக்கவில்லை. பாராட்டை யார் மறுப்பார்கள்? ஆனால் யார் எழுதியது? மேற்படி, மேற்படி என்று இந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான் எழுதுவார்.

அறைக்கு ஓடிவந்து ஃபைலை அமுக்கினேன். நேற்று நான் அடுக்கிவைத்த நாலு யோக்கியர்களையும் காணோம். துடைத்திருந்தது. ஸ்டார்ட்டில் போய் டாக்குமெண்ட்ஸைத் திறந்தேன். உச்சியிலேயே உட்கார்ந்திருந்தது கொட்டாவி. சாலமோன் சாருக்குப் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறார்.

சிரிப்பதற்காகவே டாய்லெட்டுக்குப் போனேன். டோக்கன் இல்லாமல்.

இருபது வருஷமாக மேற்படியும் பொருட்டும் எழுதியவருக்குள் இது எங்கே கிடந்தது? அதைவிட, என்னுடையதைக் காட்டிலும் அவருடையது நன்றாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். "அவர் மூடும்வரை" என்ற இடம் எனக்குத் தோன்றவே தோன்றாது.

1.3.2004, திங்கள்

நாளை ஹெட் ஆபீசிலிருந்து சரோஜா மேடம் வருகிறார்களாம். எல்லாக் கிளைகளுக்கும் பர்சனல் விவகாரத்தைப் பார்ப்பவர். எங்கள் கம்ப்யூட்டரைத் தானே உட்கார்ந்து பார்க்கப் போகிறார். போர்டில் வந்த இரண்டையும் அவருக்கு அனுப்பிவைத்த ஜி.எம். சந்தோஷமாக இருக்கிறார். சார் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வைத்துவிட்டுக் கீழே போனார்.

டாக்குமெண்ட்ஸில் கொட்டாவி அப்படியே இருக்கிறது. அதை விட்டுவைத்தால் தும்மலும் அவர் கணக்கில்தான் சேரும். நான் தப்பித்தேன். ஒரு நிமிடம் விட்டுவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதை எழுதிவைக்கிறேன், பிற்பாடு என்னை நானே ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு அழித்தேன். அழித்துவிட்டு பஸ் நேரம், சீருடை அளவு, கேன்டீன் மெனு மூன்றையும் திறந்து மூடினேன். நாலாவதாக டோக்கன் சுற்றறிக்கை. கடைசியாகத் திறந்ததுதான் முதலாவதாக நிற்கும். கை தவறிவிட்டது என்று, யாராவது கேட்டால், சொல்லிக்கொள்ளலாம்.

2.3.2004

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சரோஜா மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, கண்ணாடி. என் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை அமுக்கினார். முதலில் நின்றதைத் திறந்தார். சத்தமாகவே படித்தார்.

"முப்பது பேர் கொண்ட லைனுக்கு ஒரு டோக்கன்... ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும் பட்சத்தில், தாமதத்துக்கான காரணத்தை எழுத்து மூலம்..." சிரித்துவிட்டார். "நல்லா எழுதறாங்க சார் உங்க ஆளு. இது மூணாவதா? இதை நீங்க அனுப்பவே இல்லையே."

ஜி.எம். தொண்டையைச் செருமினார். "மேடம், அது... அது நம்ம சர்க்குலர்."

"நம்மன்னா?"

"நான் குடுத்தது."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"இதனால யாருக்காவது உடம்பு கெட்டிருக்கா?"

"அப்படியெல்லாம் எதுவும்..." என்று ஜி.எம். ஆரம்பித்தார்.

"கீது மேடம்."

ஜி.எம். பேச்சுக்குக் குறுக்கே தணிகாசலம் சார் வாய் திறந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். "அஞ்சு பொண்ணுங்க. அஞ்சு பேருக்கும் ஒரே கம்ப்ளெயின்ட். ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் ஒரிஜினல். சர்க்குலர்ல கையெழுத்து என்னுது மேடம். அதையும் சொல்லிடறேன்."

ஒவ்வொன்றாகப் படித்தார் மேடம். கிளாராவின் சீட்டு மேலேயே இருந்தது. தும்மலைப் பற்றியும் கொட்டாவியைப் பற்றியும் அப்புறம் யாரும் பேசவில்லை.

3.3.2004

டோக்கன் ரத்து. சார் சொல்ல நான் அடித்தேன். ஒன்றரை வரி. ஒரு மேற்படிகூட இல்லை.

8.3.2004

சாரை வாலாஜாபாத் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகக் காரணம் என்று போட்டிருந்தது. ஆர்டரை ஜி.எம். தானே இங்கிலீஷில் அடித்திருந்தார், ஏழு தப்போடு.

மேஜையைக் காலி செய்துகொண்டே சார் சொன்னார், "ஸ்டார்ட்லகூட ஒரு லிஸ்ட் கீதாமே. சாலமோன் சனிக்கிழமைதான் சொல்றான். எனக்கு பேஜாராப் போச்சு. ஓடியாந்து பாத்தேன்."

நான் பேப்பரை அடுக்கினேன்.

"அதுல ஒண்ணும் இல்லம்மா."

"சரி சார்."

"உன் தும்மல்ல ஒரு தப்பு கீது. 'தன் தும்மலாக' இல்ல, 'தமது தும்மலாக'. சர்க்குலர்ல மரியாதை முக்கியம்."

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல்வரை போய் வழியனுப்பியிருக்கலாம். ஏன் போகலை நான்?

9.3.2004

கிளாரா லைனுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டு போகிறாள். பெரிய பாட்டில்.

16.3.2004

புது ஆபீசர் இன்னும் வரவில்லை. மானிட்டர் நாள் முழுக்க என் பக்கமே திரும்பியிருக்கிறது. இடம் தாராளமாக இருக்கிறது. பிடிக்கவில்லை.

29.3.2004, திங்கள்

குடோன் வேன் டிரைவர் மாசானம் அண்ணன் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார். மேலே 'அலுவல் நிமித்தம்' என்று சிவப்பு மையில். "அவசரமாம்லா. சாயங்கால ட்ரிப்புலயே பதில் வாங்கியாரச் சொன்னாவ" என்றார்.

உள்ளே ஒரு முழுத்தாள். தணிகாசலம் சாரின் கையெழுத்து. குடோனில் கம்ப்யூட்டர் கிடையாது.

"வாலாஜாபாத் குடோனில் வசிக்கும் எலிகள் கவனத்துக்கு. மேற்படி எலிகள் இனி காலை எட்டரை மணிக்குள் வருகைப் பதிவேட்டில் வால் பதிக்க வேண்டும். தாமதமாக வரும் எலிக்கு அரை நாள் அட்டைப்பெட்டி மறுக்கப்படும். பொறியில் சிக்கிய எலி, சிக்கிய விவரத்தை உடனடியாக நேரில் வந்து தெரிவிக்கவும்."

கடைசியில் பென்சிலில்: பிழை இருந்தால் திருத்தி அனுப்பவும்.

பிழை இல்லை. நாலு தடவை தேடினேன். அரை நாள் அட்டைப்பெட்டி மட்டும் கொஞ்சம் இழுவை. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, "பூனையைக் கண்டு ஓடுவது முன் அனுமதி இல்லாத விடுப்பாகக் கருதப்படும்" என்று எழுதி, கவரை ஒட்டி, மாசானம் அண்ணனிடம் கொடுத்தேன்.