மண்டப ஒலிபெருக்கியும் ஊசி மருந்து ஏறாத முயல்களும்

அனுப்புநர்:
உல்கான் சரிம்சக்கோவா,
ஆய்வாளர், உடலியல் ஆய்வுக்கூடம்,
ஆலைத் தெரு, கோக்-ஆர்ச்சா, கிர்கிஸ்தான்.

பெறுநர்:
நகர் நிர்வாகத் தலைவர் அவர்கள்,
கோக்-ஆர்ச்சா.

பொருள்: தலாய்பெக் திருமண மண்டபத்தின் சத்தத்தால் ஆய்வு முயல்களின் ரத்தம் வெளுத்தல், வெள்ளிக்கிழமைத் திருமணம் தொடர்பாக அவசர வேண்டுகோள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பயந்த உடலில் சுரக்கும் ஹார்மோன் கொழுப்பை என்ன செய்கிறது என்று முயல்களிடம் ஆராய்வது என் வேலை. பாதி முயல்களுக்கு அந்த ஹார்மோனை ஊசியில் ஏற்றுகிறேன். மீதிக்கு வெறும் உப்புநீர். ஹார்மோன் ஏறிய முயலின் ரத்தத்தைத் தெளியவைத்தால், மேலே நிற்கும் நீர் கொழுப்பு மிதந்து பால்போல் வெளுத்திருக்கும். உப்புநீர் முயலுக்குத் தெளிவாக இருக்கவேண்டும். இளவேனில் முதல் இரண்டுமே வெளுத்துவிட்டன.

2. கூண்டறைக்கு அடுத்த சுவர் மண்டபத்துடையது. ஒலிபெருக்கிகள் அதில்தான் மாட்டப்பட்டுள்ளன. பெண் வந்து இறங்கியதும் வாணவேடிக்கை வேறு. முயல்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்குகின்றன, தீனியைத் தொடுவதில்லை. அந்தப் பயத்தில் ஊசியே இல்லாமல் அதே ஹார்மோன் உடலில் சுரந்துவிடுகிறது. உரிமையாளர் தலாய்பெக்கிடம் சொன்னேன். "ஏன் அக்கா, கல்யாணம் பண்ண இனிமே முயல்கிட்டயும் சம்மதம் கேக்கணுமா? வேணும்னா அதுங்களுக்கும் பத்திரிகை வெக்கிறேன்" என்றார்.

3. எங்கள் இயக்குநர் கெரிம்குல் அவர்களோ, "ஊசிய மாத்திப் போட்டிருக்க, இல்ல முடிவைத் திருத்தியிருக்க. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லும்மா" என்கிறார். வரும் திங்களன்று விசாரணைக் குழு கூடுகிறது. மோசடிக்காரி என்று முடிவானால் எந்த ஆய்வுக்கூடமும் என்னை வாசலில்கூட நிற்கவிடாது.

4. இதற்கிடையே தலாய்பெக்கின் தந்தை காலமானார். நாற்பதாம் நாள் வரை மண்டபம் மூடப்பட்டது. நானும் துக்கக் கூடாரத்துக்குப் போய் மனதார அழுதேன். சில நாளில் உப்புநீர் முயல்களின் ரத்தம் தெளிந்தது. அடுத்த வீட்டில் சாவு, நான் சோதனைக்குழாயைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது ஐயா. இயக்குநர் மசியவில்லை. "மாட்டிக்கிட்டதும் ஒழுங்கா வேலை பாக்குற, அவ்வளவுதான்" என்றார்.

5. நாற்பது முடிந்து, வெள்ளியன்று மண்டபத்தில் முதல் திருமணம். அது தங்கள் மகளுடையது என்று அறிகிறேன். மணமக்களுக்கு என் வாழ்த்துகள். இளவேனிலில் நான் கொடுத்த புகார் இப்போதுதான் தங்கள் மேசைக்கு வந்ததாம். நேற்று தலாய்பெக்கே தேடிவந்து, "தலைவர் வீட்டு விசேஷம் அக்கா, சத்தமே இருக்காது. மூணு தந்தி கோமுஸ் மட்டும் வாசிக்கச் சொல்லியிருக்கேன். ஸ்பீக்கரைக் கழட்டப்போறேன், இப்போ திருப்தியா?" என்றார். திருப்தி இல்லை ஐயா. மண்டபம் அமைதியாகிவிட்டால், சத்தம்தான் காரணம் என்று திங்களன்று நான் எதைக் காட்டுவேன்?

ஆகவே, என் பழைய புகாரை ஒரே ஒரு நாள் தள்ளிவைக்க வேண்டுகிறேன். ஒலிபெருக்கிகள் அதே சுவரில், வழக்கமான சத்தத்தில் முழங்கட்டும். வாணவேடிக்கையும் வேண்டும். திருமணத்துக்கு முன்பும் மறுநாள் காலையிலும் சுகாதார ஆய்வாளர் ஒருவர் முன்னிலையில் முயல்களுக்கு ரத்தம் எடுக்க ஆணையிடுங்கள். சனிக்கிழமை அந்தக் குழாயைத் தாங்களும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன்பின் ஒலிபெருக்கிகளை அந்தச் சுவரைவிட்டு நிரந்தரமாக அகற்றச் செய்யுங்கள்.

முயல்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், மகளின் திருமணத்தைச் சத்தமாக நடத்துங்கள்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
உல்கான் சரிம்சக்கோவா
(கையொப்பம்)

இடம்: கோக்-ஆர்ச்சா
நாள்: செப்டம்பர் 9, செவ்வாய்