படகில் ஒருவர் அதிகம்

பாறசாலை, இரவு

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நம் இரட்டையரின் வகுப்பில் தத்துவப் பாடம் தொடங்கியிருக்கிறார்கள். வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். காரணம் சொன்னால் எந்தப் பதிலும் தவறில்லை. மூழ்கும் படகிலிருந்து உங்களில் ஒருவரைத் தண்ணீரில் இறக்கிவிட வேண்டுமென்றால் யாரை என்று சார் கேட்டாராம். முதலில் கை தூக்கியது நம் ஷாலு.

"சஜன், சார். அவனுக்குக் காலு வய்யல்லா, நடக்க முடியாது. கரைக்குப் போனாலும் அம்மாதான் சுமக்கணும்."

நல்ல காரணம் என்று சார் கைதட்டச் சொன்னாராம்.

வீட்டில் அவளை அடித்தேன். சஜன்தான் தடுத்தான்.

"அவள அடிக்காதம்மா. நானும் என்னையத்தான் சொன்னேன். அப்பாட்ட கேட்டாலும் என்னையத்தான் சொல்லுவாரு."

"இல்லலே மக்கா" என்றேன்.

"காரணம் சொல்லு" என்றான்.

அடுத்த முறை போன் செய்யும்போது, எப்போதும்போல் ஷாலுவிடம் கொடு என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் காரணத்தை நீங்களே அவனிடம் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி