ஒப்புதல் பெறாத ஒன்பது வீடுகள்

4.3.2024, விழுப்புரம்

மாவட்ட நிர்வாகத்துக்கான மத நல்லிணக்க ஆய்வின் களப்பணி முடிந்தது. ஊரின் பெயரை இந்த நாட்குறிப்பிலும் எழுதமாட்டேன், ஆய்வு விதி. வல்லம் பக்கம் என்பதோடு நிறுத்துகிறேன். இந்துக் குடும்பங்கள் முந்நூறு. கிறித்தவக் குடும்பங்கள் ஒன்பது. அவர்கள் கல்லறைக்குச் செல்லும் பாதை இரண்டாண்டுகளாக முள்வேலியிட்டு அடைக்கப்பட்டிருக்கிறது.

லூர்துமேரி ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். கணவர் தேவசகாயம் படுத்த படுக்கை. "இவருக்கு ஒண்ணு ஆவறதுக்குள்ள வழி தொறக்கணும் சார்." பேட்டிக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சமாதானக் கூட்டம்னு இட்டுக்கினு போயி வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினாங்க. நாங்களே புகாரை வாபஸ் வாங்கினதா ஆயிடுச்சி. வாயால எவ்ளோ வேணாலும் கேளுங்க. கையெழுத்து மட்டும் வேணாம்."

ஒன்பது வீட்டிலும் இதே பதில். எதிர்த்தரப்பில் முப்பத்தொருவர் கேட்டவுடன் கையெழுத்திட்டார்கள். ஒருவர் மோர் கொடுத்தார்.

9.3.2024

கையெழுத்தில்லாத வாக்குமூலத்தைப் பயன்படுத்தலாகாது. வாய்மொழி ஒப்புதலுக்கு ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கோரலாம். மூன்று மாதம் ஆகும். அறிக்கைக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. கோரவில்லை.

15.3.2024

அட்டவணை 4. 'ஊரில் மதத் தகராறு உண்டு' என்றோர்: 31இல் 0.

ஒன்பது வீடுகளையும் அடிக்குறிப்பிலாவது சேர்க்கலாமா என்றேன். திட்டத் தலைவர் விருத்தாசலம் சிரித்தார். "விதி விதின்னு எங்களப் பேஜாரு பண்ணதே நீங்கதான் சார். இப்ப உங்களுக்கு மட்டும் தனி விதியா?"

சமர்ப்பித்தாயிற்று.

2.7.2024

பாதையைத் திறக்கக் கோரி மறுபடி கொடுத்த மனுவை மாவட்ட அலுவலகத்தில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். காட்டிய ஆதாரம் என் அட்டவணை 4. லூர்துமேரியின் மகன் அலெக்ஸ் தொலைபேசியில் சொன்னார்.

"பிரச்சனையே இல்லன்னு படிச்சவரு எழுதிக் குடுத்திருக்காரேன்றாரு ஆபீசரு. எங்கம்மா அவ்ளோ நேரம் சொன்னாங்களே, அது எங்க சார் போச்சு?"

எங்கே போயிற்று? என் பீரோவில்தான் — பூட்டி — விதிப்படி ஐந்தாண்டு இருக்கும்.

3.7.2024

மனுவை விசாரித்த அலுவலருக்கு, ஒன்பது வீடுகள் விடுபட்டது பற்றி விளக்கக் கடிதம், பதிவுத் தபாலில். இப்ப எழுதி என்ன? அன்னிக்கு எழுதியிருக்கணும்.

21.8.2024, திண்டிவனம்

கடிதத்துக்குப் பதில் இல்லை. நேற்று தேவசகாயம் இறந்தார். வேலி இருந்தபடியே இருக்க, உடலை வேனில் ஏற்றி இங்குள்ள கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் போகலாமா? போனேன்.

லூர்துமேரி என்னைப் பார்த்தார். "ஊர்லயே பொதைச்சிருக்கலாம் சார். அங்கதான் ஒரு பிரச்சனையும் இல்லியே." குரல் உயரவில்லை.

ஒரு பிடி மண் போட வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அலெக்ஸ் குழிக்கு முன்னால் வந்து நின்றார். சற்றுக் காத்திருந்தேன். அவர் நகரவில்லை. கையிலிருந்த மண்ணை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.