காலண்டரில் இல்லாத கிருத்திகை

சார்,

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் உங்கள் வீட்டுப் பின்வாசலில் சைக்கிளை நிறுத்திப் பால்கேனைத் திறந்தேன். உங்கள் வீட்டம்மா, நர்ஸ் சிஸ்டர், பாத்திரத்தை நீட்டி, "கால் லிட்டர் சேத்து ஊத்துங்கண்ணே" என்றார்கள். கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை மாதமும் அந்த வீட்டுக்கு அரை லிட்டர்தான். கால் லிட்டர் கூடினால் என்ன சமையல் என்று எனக்குத் தெரியும். எங்கள் செவலைப் பசுவுக்கே தெரியும்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். விஷயத்துக்கு வாப்பா என்கிறாள். விஷயத்துக்கு நேராகப் போகிற வழி எனக்கு எப்போது தெரிந்தது? உங்களைக் கண்டதே வழி தப்பித்தான்.

டவுன்ஷிப்பில் எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. நம்பர் படிக்கத் தெரியாதவனுக்கு முருங்கை மரம், துளசி மாடம், கட்டிப் போட்ட நாய், இவைதான் அடையாளம். அன்றைக்கு மழை மூட்டம். பின்வாசல் படியில் ஒரு பாத்திரம் மூடியில்லாமல் இருந்தது. லேசாக ஆவி வந்தது. சுடுதண்ணீரில் கழுவி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கால் லிட்டர் ஊற்றிவிட்டேன். அதற்குள் நீங்கள் கரண்டியோடு வந்தீர்கள்.

"ஓய், யாரு நீரு? என்னத்த ஊத்தினீரு?"

"பாலுங்க சார். தெனம் ஊத்துறதுதானே."

"இந்த வீட்டுக்கு நாங்க குடிவந்தே ரெண்டு நாள்தான் ஆவுது."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். அது பால் பாத்திரம் இல்லை, குக்கர். அதில் மாட்டுக்கறியும் மாக்கரோனியும் ஆறிக்கொண்டிருந்தன. நீங்கள் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி நின்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "பதினோரு வருசம் அரபு நாட்டுல இதத்தான் சமைச்சேன். இம்புட்டு ருசி வந்ததில்ல. நாளையிலேருந்து அரை லிட்டர் ஊத்தும். ஞாயித்துக்கிழம கால் லிட்டர் கூட."

அப்படித்தான் எங்கள் செவலையின் பால் உங்கள் குக்கருக்குள் போனது. சிஸ்டர் ஆஸ்பத்திரியில் பர்மனென்ட் நர்ஸ். அவர்கள் ஷிப்டுக்குப் போக, சமையல் உங்கள் பாடு. "ஷிப்டு வீட்டுல ரெண்டு பாத்திரம் கழுவ ஆளு கெடயாது, ஓய். எல்லாம் ஒண்ணுலதான்" என்பீர்கள். வெங்காயம், பூண்டு, தக்காளி, நிறைய மிளகு. கறியைப் போட்டு வதக்கி மூடி, விசில் எண்ணி, திறந்து, அந்தச் சாற்றிலேயே மாக்கரோனியைக் கொட்டுவீர்கள். அது வெந்ததும் அடுப்பை அணைத்து, வாய்விட்டு நூறு எண்ணி, அப்புறம்தான் பால். ஆறு வருஷம் படியில் நின்றே எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

நீங்கள் கேட்காத ஞாயிறு கிடையாது. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி புழங்குவதில்லை என்று ஒரே பேச்சில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வீர்களோ என்று பயம். அதனால் நாள் கிழமையைக் காரணம் காட்டினேன்.

"ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாரும்."

"இன்னிக்கு அமாவாசைங்க சார்."

"போன வாரமும் அமாவாசைன்னீரே. உம்ம ஊரு வடக்குத்துல நிலாவே வாறதில்லியா?"

புரட்டாசி மாதம் எனக்கு நிம்மதி. மார்கழியில் மாலை போட்டிருப்பேன். இல்லாவிட்டால் ஊர்க்கோயிலில் காப்புக் கட்டியிருக்கும். ஒரு தடவை, "கறியத் தள்ளிட்டு மாக்கரோனிய மட்டும் தின்னும்" என்றீர்கள்.

"அதாங்க சார் கறிச்சாறு எல்லாத்தயும் குடிச்சிப்புட்டு ஊதிப் போயி கெடக்குது" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று குக்கருக்குள் விழப் பார்த்தது.

ஆனால் எங்கள் வீட்டு மோட்டார் ஓடாமல் போனபோது, ஸ்பேனர் பையோடு ஸ்கூட்டரில் வந்தீர்கள். கையில் கிரீஸ் போகும்வரை தேய்த்துவிட்டு, என் சம்சாரம் வைத்த களியையும் கருவாட்டுக் குழம்பையும் சாப்பிட்டீர்கள். என்ன கருவாடு என்றுகூடக் கேட்கவில்லை. இன்னும் ஒரு உருண்டை என்றுதான் கேட்டீர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறுக்கு வருகிறேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தீர்கள். மூச்சு வாங்கியது. நூறு வரை எண்ணவில்லை, அறுபதில் நிறுத்திவிட்டீர்கள். மேடையில் இரண்டு தட்டு இருந்தது.

"அவ ட்யூட்டிக்குப் போயாச்சு. இன்னைக்கு ஒண்ணும் சொல்லாதயும். தனியா திங்க முடியல, ஓய்."

நான் என்ன சொன்னேன்? "கிருத்திகைங்க சார்" என்றேன். வாய்க்குப் பழகிப்போன பொய். நீங்கள் திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தீர்கள். காலண்டரில் எல்லாம் போட்டிருக்குமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமா, கிருத்திகைதான்" என்றீர்கள். "போயிட்டு வாரும்."

நிஜமாகவே கிருத்திகை போலிருக்கிறது, தப்பித்தேன் என்று சைக்கிளை மிதித்தேன். அந்த வாரமே புதன்கிழமை உங்களுக்கு நெஞ்சுவலி. வியாழக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் பந்தல்.

இன்றைக்குப் பாலை ஊற்றிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். சிஸ்டர், "உள்ள வாங்கண்ணே" என்றார்கள். முதல் தடவையாக அந்த அடுக்களைக்குள் கால் வைத்தேன். குக்கர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் பாலைச் சாய்க்கப் போனார்கள்.

"நிறுத்துங்க சிஸ்டர். தக்காளிக்குத் திரிஞ்சிப்புடும். அணைச்சிட்டு நூறு எண்ணுவாரு."

"திங்காத ஆளுக்கு இம்புட்டு தெரியுமா?" என்று சிரித்து அணைத்தார்கள். இரண்டு பேருமே எண்ணினோம். நடுவில் யாருக்கோ குரல் உடைந்து எண் தப்பியது. அறுபதிலிருந்து மறுபடி எண்ணினோம்.

பால் ஊற்றி மூடிவிட்டு, உங்கள் பைபிளிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார்கள். காலையில் கோயிலுக்குக் கொண்டுபோக எடுத்தபோதுதான் கண்ணில் பட்டதாம். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைத் தாள். அச்சில் கிருத்திகை இல்லை என்றார்கள். ஓரத்தில் பேனாவால் என்னவோ இருந்தது.

"என்னா எழுதிருக்கு சிஸ்டர்?"

"'கிருத்திகை, பால்காரருக்கு மட்டும்'னு எழுதியிருக்காவ."

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படிக்கத் தெரிந்தவன் மாதிரி.

"இன்னைக்கு என்ன கிழமைண்ணே?" என்றார்கள். "ஞாயித்துக்கெழமதான். வேற ஒண்ணும் இல்லீங்க" என்று தரையில் உட்கார்ந்தேன்.

சாப்பிட்டேன் சார். கறியும் சேர்த்துத்தான். கறி பூப்போல வெந்திருந்தது. மாக்கரோனிதான் குழைந்துவிட்டது, இரண்டு தரம் எண்ணியதால் இருக்கும். இந்த ருசியைப் பால்காரர்தான் உண்டாக்கினார் என்று ஆறு வருஷம் ஊரெல்லாம் பெருமையடித்தீர்களே, எனக்கு இன்றைக்குத்தான் அது தெரிந்தது.

தாளை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சட்டைப்பையில் இருக்கிறது.

மகள் இப்போது பேனாவை நிறுத்திவிட்டு, "அப்பா, அம்மாவுக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்கிறாள். இத்தனை வருஷமும் நான் பயந்த இடம் அதுதான். உள்ளேயிருந்து என் சம்சாரம் குரல் கொடுக்கிறாள்.

"களி ஆறிகினு கெடக்குது. துன்ன வரியா இல்லியா? இன்னா, விரதமா?"

"விரதம் இல்ல. சார் வூட்டுல சாப்ட்டுட்டேன். அவரு செய்யிற அதே கறி."

மகள் என்னைப் பார்க்கிறாள், நான் சுவரைப் பார்க்கிறேன். அப்புறம் பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"உப்பு ஒறப்பு எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

உப்பு கொஞ்சம் கம்மி, சார். சிஸ்டரிடம் சொல்லவில்லை.