சொன்னதும் போட்டதும்

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று பத்திரிகையில் 'சொன்னதும் போட்டதும்' வந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை போடுவார்கள். பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரும் வெளியில் என்ன பேசினார், உள்ளே எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று இரண்டு பத்தி. பேச்சும் வாக்கும் ஒத்துப்போனால் பச்சைப் புள்ளி, முரண்பட்டால் சிவப்பு. சிலருடைய பத்தியைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. என் மனைவிக்கு மேலிருந்து கீழ்வரை பச்சை.

வெட்டி எடுத்துக் கடையில் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கண் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள். ஒருவர் பொடி எழுத்து வரை படித்துவிட்டு, "எனக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு போல" என்று எழுந்து போய்விட்டார். ஒரு கண்ணாடி வியாபாரம் போச்சு. போகட்டும்.

மெம்பரிடம் சொன்னேன். வீட்டில் அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது, எரிச்சல் வரட்டும் என்றே வைத்தது. "இதையெல்லாம் எதுக்கு ஒட்டுறீங்க, எடுங்க" என்றாள். ஆனால் முகத்தில் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

நாளை ஆஸ்பத்திரி மசோதா. சிறிய ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டை மூடிவிட்டுப் பெரிய நகரத்தோடு சேர்க்கப் போகிறார்கள். எங்கள் ஊர் வார்டும் பட்டியலில் இருக்கிறது. அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக ஆற்றுப் பாலம் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஆகும். வலி எடுத்தவளுக்கு அது எவ்வளவு தூரம் என்று மசோதா எழுதியவர்களுக்கு யார் சொல்வது? மெம்பர் ஒரு திருத்தம் கொடுத்திருக்கிறாள்: அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் ஊர்களில் வார்டை மூடக் கூடாது.

அவள் அலுவலகத்தைக் கவனிக்கிறவன் அவளுடைய தம்பி, என் மச்சான். விரல் விட்டு எண்ணி எண்ணி, ஜெயித்துவிடலாம் என்கிறான். ஆளுங்கட்சியிலேயே சிலர் மனசு இந்தப் பக்கம்தானாம்.

வார்டின் தலைமை நர்ஸ் கண்ணாடிக்குத் திருகு மாற்ற வந்தார். "மேடம் எழுந்து நின்னா போதும், நடந்துடும்" என்றார். திருகுக்குக் காசு வாங்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தோற்றோம். மச்சான் போனில் ஏதோ உளறுகிறான். அக்காவே எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டாள் என்கிறான். புரியவில்லை.

மார்ச் 5, புதன்

இப்போது புரிகிறது. புரியாமலே இருந்திருக்கலாம்.

திருத்தங்கள் வரிசையாக வாக்கெடுப்புக்கு வந்தன. அவளுடையது கடைசி. அதற்கு முந்தியது ஆஸ்பத்திரி நிலத்தை வாடகைக்கு விடுகிற வம்புத் திருத்தம். அதற்குச் சிவப்புப் பொத்தானை அமுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். அதைக் கொண்டுவந்தவர் கடைசி நொடியில் எழுந்து வாபஸ் என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் இவள் காதைக் கடித்திருக்கிறார். இவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. விரல் சிவப்பில். சபாநாயகர் அழைத்ததோ இவளுடைய திருத்தத்தை.

பலகையில் இரண்டு பக்கமும் சரிசமம். சரிசமமானால் மசோதாவை இருக்கிறபடியே விடுவதுதான் சபாநாயகர்களின் வழக்கமாம். அப்படியே விட்டார். அவள் விரல் பச்சையில் பட்டிருந்தால் வார்டு பிழைத்திருக்கும்.

காலையில் கட்சிக் கொறடா வீட்டுக்கே வந்துவிட்டார். ஆட்களை மேய்த்து வாக்குப் போட வைப்பதுதான் அவர் வேலை. பதற்றமே இல்லாமல் காபியை ஆற்றிக்கொண்டு பேசினார்.

"ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. மிஷின் தப்பாக் காட்டிடுச்சுன்னு ஒரு உறுப்பினர் எழுந்து உறுதி சொன்னா, மறுபடி வாக்கெடுப்பு நடத்தியே ஆகணும். விதி இருக்கு. நாளைக்குள்ள சொல்லணும், அவ்வளவுதான்."

"நான் சிவப்பைத்தானே அமுக்கினேன்?"

"அது நம்ம நாலு பேருக்கு மட்டும்தாம்மா தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் சுவரைப் பார்த்தான்.

அதே நாள், மாலை

சண்டை. கத்தினது நான்தான். ஒரே ஒரு பொய். சொன்னா என்ன இப்ப? யார் குடி முழுகிடும்? சொல்லாட்டாத்தான் முழுகும். பாலத்து மேலயே எவளாவது பிள்ளை பெத்தா, உன் நேர்மையா வந்து தொப்புள்கொடி அறுக்கும்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனா கேட்டதுல தப்பு இருக்கா? இல்லையே.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இன்னைக்கு நான் மிஷின்னு சொல்லி ஜெயிச்சா, நாளைக்குத் தோத்தவன் எல்லாம் மிஷின்னுதான் சொல்லுவான். அப்புறம் அந்தப் பலகையில எது விழுந்தாலும் ஒருத்தனும் நம்பமாட்டான். நான் ஜெயிக்கிறதையும் சேர்த்து."

"சரி, வார்டு?"

துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். ஏற்கெனவே மடித்திருந்ததை எல்லாம் உதறி மறுபடி மடித்தாள்.

மார்ச் 6, வியாழன்

கடையில் ஒருவரை உட்காரவைத்து மூக்கில் லென்ஸ் மாற்றிப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மாட்டியிருந்தேன். போனில் பேரவை ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள்.

"இயந்திரம் சரியாகவே வேலை செய்தது. தவறு செய்தது நான். என் கவனக் குறைவால் என் மக்களுக்கு எதிராக நானே வாக்களித்தேன். அது அப்படியே பதிவில் இருக்கட்டும்."

ஆளுங்கட்சிப் பக்கத்திலிருந்து சிரிப்பு. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவள் உட்காரவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் பாதி, மீதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. "ஐயா, ரெண்டு கண்ணுக்கும் ஒரே லென்ஸைப் போட்டுட்டீங்க" என்றார் சட்டம் மாட்டியிருந்தவர்.

மார்ச் 8, சனி

நர்ஸ் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மெம்பரும் கடையில்தான் இருந்தாள்.

"உங்களை நல்லவங்கன்னு ஊரே பேசுது மேடம். நாங்க எங்க போய்ப் பிள்ளை பெத்துக்கிறது?"

மெம்பர் எதையும் சமாளிக்கவில்லை. "வருஷக் கடைசி வரைக்கும் வார்டு திறந்திருக்கும். அதுக்குள்ள வேற வழி பண்றேன். முடியலைன்னா நீங்க கேட்டது நியாயம்னு ஒத்துக்கிறேன்" என்றாள். நர்ஸ் தலையைக்கூட ஆட்டாமல் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

கடையில் ஒட்டியிருக்கும் பச்சைப் புள்ளிகளை எடுத்துவிடவா என்று கேட்டேன். "இப்ப எடுத்தா ஓடி ஒளியிற மாதிரி இருக்கும். இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கு எடுக்கச் சொன்னதும் இவள்தான்!

ஏப்ரல் 16, புதன்

வேற வழி என்றால், தோற்ற திருத்தத்தையே தனி மசோதாவாகப் போடுவது. கட்சி கொண்டுவராமல் ஓர் உறுப்பினர் தன் பெயரிலேயே கொண்டுவருவது. அப்படி வந்தவற்றில் முக்கால்வாசி தூசி படிந்து கிடக்கின்றனவாம். கொறடா கை கழுவிவிட்டார். எனவே உறுப்பினர்களின் வீட்டுக் கதவை ஒவ்வொன்றாக இவளே தட்டுகிறாள். ரயிலில் போகிறாள், பஸ்ஸில் போகிறாள், சில இடங்களில் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்புகிறார்கள்.

இங்கே மரக்கடைக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டார். நவம்பர் தேர்தலில் அவர்தான் எதிர்த்து நிற்கப் போகிறார். 'உங்கள் வார்டை மூடியது யார் விரல்?' என்று நோட்டீஸ். அச்சு நன்றாகத்தான் இருக்கிறது. வயிறு எரிகிறது.

ஜூன் 19, வியாழன்

இன்று கொட்டாவியைப் பார்க்கப் போனோம். ஆளுங்கட்சியின் பழம் பெருச்சாளி. பேரவையில் யார் பேசினாலும் கொட்டாவி விடுவதால் அந்தப் பெயர். நான் வண்டி ஓட்டிப் போனவன், ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

இவள் சொல்லி முடிக்கும்வரை இரண்டு முறைதான் கொட்டாவி விட்டார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு மிஷின்னு சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பியேம்மா. ஏன் சொல்லலை?"

"மிஷின் சரியாத்தான் இருந்துச்சுங்க."

"அது எனக்கும் தெரியும். அதுல நாங்க எல்லாரும் ஒரு தடவையாவது தப்பா அமுக்கியிருக்கோம்." அவள் நீட்டிய நகலைத் திருப்பிக் கொடுத்தார். "உன் மசோதாவுல என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கப் போறதில்லை. நீ சொன்னதுதானே உள்ள இருக்கும்?"

"அதேதாங்க."

"அப்ப எங்க பக்கத்துல சில பேரைக் கூட்டிட்டு வர்றேன், போ."

திரும்பி வரும்போது அவள் வண்டியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். நான்தான் வழிநெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். "ஏன் இப்படி அடிக்கிறீங்க, ரோடு காலியாத்தானே இருக்கு" என்று திட்டினாள்.

செப்டம்பர் 18, வியாழன்

பார்வையாளர் மாடத்தில் எனக்கும் மச்சானுக்கும் இடம். சபாநாயகர் மசோதாவை அழைத்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, அழைத்தது எதை என்று எழுந்து கேட்டு உறுதிசெய்துகொண்டாள். சபை சிரித்தது. சபாநாயகரும் சிரித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். மணி அடித்தது.

நிறைவேறியது. நூல் இழையில் இல்லை, நல்ல வித்தியாசத்தில். கொட்டாவி தன் பக்கத்தில் பாதி வரிசையையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மச்சான் விசிலடித்துவிட்டான். காவலர் வந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். பேரவையிலிருந்து துரத்தப்பட்டதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் வார்டு இருக்கும். பாலம் தாண்ட வேண்டாம். என் பொண்டாட்டி செஞ்சது.

செப்டம்பர் 20, சனி

நர்ஸ் கடைக்கு வந்து, "மேடம் இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். "வந்தேன்னு சொல்லுங்க" என்றவர், போகிற போக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நவம்பர் 24, திங்கள்

தேர்தலில் தோற்றுவிட்டோம். விரல் படம் போட்ட நோட்டீஸ் மூலைமுடுக்கெல்லாம் போயிருந்தது. செப்டம்பரில் நடந்தது அந்த அளவுக்குப் போகவில்லை. மூடுகிறார்கள் என்றால் ஊரே பேசுகிறது. மூடவில்லை என்பதை யார் பேசுவார்கள்?

மரக்கடைக்காரருக்கு முதல் வாழ்த்துச் சொன்னது இவள்தான். போனை வைத்துவிட்டு அலமாரித் துணியை எல்லாம் எடுத்து வெளியே போட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன். நான் மடித்தது சரியில்லை என்று பிரித்து மடித்தாள். அப்போதுதான் அழுதாள்.

டிசம்பர் 12, வெள்ளி

மெம்பர் என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டேன். "என்ன?" என்று சாதாரணமாகத் திரும்பினாள். எரிச்சல் வரவே இல்லை.

ஜனவரி 8, வியாழன்

இன்று ஆஸ்பத்திரியில் கூட்டம். புது உறுப்பினர், அதாவது மரக்கடைக்காரர், வார்டு வாசலில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறார்: "இந்த வார்டை மூடவிடாமல் காப்பாற்றியது நான். என் உயிர் உள்ளவரை இதன் கதவு மூடாது." கைதட்டல் காதைப் பிளந்ததாம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மசோதா நிறைவேறின அன்னைக்கு இந்த ஆள் மரம் அறுத்துக்கிட்டு இருந்தான்! பத்திரிகைக்கு எழுதறேன், வாக்குப் பதிவை அப்படியே அச்சடிச்சு வீடு வீடாப் போடறேன்னு குதிச்சேன். மச்சான் அதற்குள் அச்சகத்துக்குப் போன் போட்டுவிட்டான்.

அவள் கணக்குப் போடுகிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். தேர்தலுக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"உயிர் உள்ளவரைன்னா சொன்னாரு? மைக்ல? எல்லார் முன்னாடியும்?"

"ஆமா!"

"அப்ப விடுங்க. வர்ற நிதிநிலை அறிக்கையில இந்த மாதிரி வார்டுகளுக்கான பணத்தை வெட்டத்தான் பார்க்கப் போறாங்க. நான் உள்ள இல்லை. இனிமே வெட்ட வந்தா முதல்ல குறுக்க நிக்க வேண்டியது அவரு. தான் காப்பாத்தினதைத் தானே மூட முடியுமா? நீங்க போய் அவர் காப்பாத்தலைன்னு ஊரெல்லாம் சொன்னீங்கன்னா, அவருக்கு அந்த வார்டு மேல என்ன அக்கறை இருக்கும்?"

மச்சான் அச்சகத்துக்கு மறுபடி போன் போட்டு, வேண்டாம் என்றான்.

ஜனவரி 9, வெள்ளி

முதல் வாடிக்கையாளர் ஓர் இளம்பெண், நிறைமாதம். தூரப் பார்வை மங்குகிறது என்று வந்தார். பலகையைப் படிக்கவைத்தேன், அளவு எழுதினேன். பேச்சுவாக்கில் கேட்டார்.

"நம்ம ஊர் வார்டைப் புது மெம்பர்தான் காப்பாத்தினாராமே, அண்ணே?"

உள்ளே லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "அவரேதான். எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

என் ஆயுசில் ஒரு பொய்யை இவ்வளவு பெருமையாக நான் சொன்னதில்லை.