வரைபடப் பிரிவின் காலி நாற்காலி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன், இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், இவரோ ஏணியில் ஏறி நிற்கிறார், கேட்டால் ஏணியைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லலையே என்று என்னிடமே சட்டம் பேசுகிறார். ஏணி எதற்கு என்றால், உன் அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார். போன வாரம் நீ போனில் அவரிடம் அந்த விஷயத்தைச் சொன்னதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அலமாரி இப்போது கூடத்தின் நடுவில் நிற்கிறது, நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்துச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளேயிருந்து அவர் சீட்டி அடிப்பது கேட்கிறது. போனில் பேசியிருக்கலாமே என்பாய். பேசினால் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கர்ல போடு என்பார். தட்டச்சு செய்தால் எனக்கு அலுவலகக் குறிப்பு மாதிரி வந்துவிடும். அதனால் கையால் எழுதி, பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன்.

முதலில் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, கட்டுப் பிரித்ததும் முதலில் பார்த்தது அப்பாவைத்தானாம், என்னடா இப்படிக் கிழடு தட்டிட்டே என்று கேட்டிருக்கிறாள், இவருக்கு இரண்டு நாள் முகம் தொங்கிப் போயிருந்தது. குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்கிறாரே தவிர வந்தபாடில்லை, ஒரு வாளியை வைத்து அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன். எதிர்வீட்டுக்காரர்கள் மகனோடு இருக்கப் போகிறோம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், சாவி நம்மிடம்தான் இருக்கிறது. நம் தெருவில் இது நான்காவது பூட்டு.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எங்கள் சமுதாயக் கல்லூரியின் கதை உனக்குத் தெரியாததில்லை. மாணவர் தலைக்கு இவ்வளவு என்றுதான் மானியம் வருகிறது, கட்டணமும் தலைக்குத்தான், அந்தத் தலைகள் வருடா வருடம் குறைகின்றன. பள்ளியை முடித்த கையோடு பிள்ளைகள் பெரிய ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள், மிச்சம் இருப்பவர்கள் நேராகக் கிடங்கு வேலைக்குப் போகிறார்கள், வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் படிக்க வந்தவர்களும் இப்போது போனிலேயே படித்துக்கொள்கிறார்கள். இத்தனை நாளும் அந்தந்த வருடத்தை எப்படியோ ஒப்பேற்றினோம். ஒரு வருடம் கூரையைப் பழுது பார்க்கவில்லை, ஒரு வருடம் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவில்லை. இந்த முறை முதல்வர் என்னைக் கூப்பிட்டு, ஒட்டுப் போட்டே காலம் தள்ள முடியாதும்மா, அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து உட்கார்ந்து யோசிச்சிடுவோம் என்றார். நிதி அலுவலர் என்று கதவில் போர்டு மாட்டியிருக்கிறார்களே, அதற்காக அட்டவணைகளை எல்லாம் நான்தான் போட்டேன். அதில் ஊரை விட்டுப் போன இளையவர்கள் என்று ஒரு பத்தி உண்டு. கூட்டிக்கொண்டே வரும்போது இதில் நீயும் ஒருத்தி என்று தோன்றியது. தோன்றியும் கை நிற்கவில்லை, கூட்டல் சரியாகத்தான் வந்தது.

திட்டக்குழு கூடியது பழைய கம்ப்யூட்டர் அறையில். மேசைகளை ஒன்றாக ஒட்டிப் போட்டிருந்தார்கள், சுவரெல்லாம் வயர் பிடுங்கிய ஓட்டைகள். அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், ஆள் பெயரை யாரும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஓர் எண், எண்ணை வைத்துத்தான் பேச வேண்டும், பட்சபாதம் வரக் கூடாதாம். மற்றவர்களுக்கு அது சரி, சம்பளம் போடுகிற எனக்கு எல்லா எண்ணுக்கும் முகம் இருக்கிறது. பதினேழு என்றால் மின்பட்டறை ஆசிரியர், எல்லோரும் ஃப்யூஸ் என்று கூப்பிடுவார்களே அவர்தான், அவருடைய இரண்டு பெண்களும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு என்றால் நூலகத்துப் பெண், கைக்குழந்தைக்காரி. குழுவில் ஒருவர், பதினேழை எடுத்துடலாமா என்று சாதாரணமாகக் கேட்டார், தட்டிலிருந்து பிஸ்கட் எடுக்கிற மாதிரி. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். காலியா இருக்கிற இடங்களை முதல்ல எடுத்துடுவோம், அதுல யாரும் உட்கார்ந்திருக்கல, யாருக்கும் வலிக்காது என்றேன். எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. முதல்வர் என்னைப் பார்த்து, வயித்துல பாலை வார்த்தீங்க என்றார். மொத்தம் மூன்று காலி இடங்கள், ஒன்று தோட்டக்காரர், ஒன்று ஆய்வக உதவியாளர், ஒன்று கட்டடப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற வரைபடப் பிரிவில் விரிவுரையாளர். அடுத்த வருடத்திலிருந்து அந்த மூன்றுக்கும் சம்பளம் கிடையாது என்று நானே அடித்தேன். ஒருவர் வயிற்றிலும் அடிக்காமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே அப்பா நின்றார். உங்க காலேஜ்ல வரைபடத்துக்கு ஆள் எடுக்கறாங்களாம், நம்ம பொண்ணு விண்ணப்பம் போடப் போறாளாம், வேலை கிடைச்சப்புறம் சொல்லி உன்னை அசத்தணும்னு சொன்னா, என்னால வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல என்றார். நான் செருப்பைக் கழற்றினேன், கையைக் கழுவினேன், ரொம்ப சந்தோஷம் என்றேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அன்றிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அத்தை சொல்லும் கதைக்குச் சிரிக்கிறேன். அழுதாலாவது தேவலை என்று பார்த்தால் அழுகையும் வரவில்லை.

நீ பார்த்த விளம்பரம் பொய்யில்லை. இந்த வருடச் சம்பளம் ஏற்கெனவே ஒதுக்கியதுதான். ஆனால் வரைபடப் பிரிவின் துறைத் தலைவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மோப்பம் பிடித்துவிட்டார். அவரிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நாற்காலி காலியா இருந்தாத்தானே மேடம் தூக்குவாங்க, சட்டுன்னு யாரையாவது உட்கார வச்சிடணும் என்றார். அந்த யாராவது என் பெண் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திட்டம் இன்னும் ஆட்சிக்குழுவுக்குப் போகவில்லை. மொத்தம் மாறாத வரைக்கும் உள்ளே எதை வேண்டுமானாலும் நான் மாற்றலாம். புதன்கிழமை மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றியும் பார்த்தேன். வரைபடத்துக்குச் சம்பளத்தைத் திரும்பப் போட்டால் அதற்கு ஈடாகப் பதினேழு போக வேண்டும். பதினேழை அடித்தேன், மொத்தம் கச்சிதமாகப் பொருந்தியது, நானும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு ஃப்யூஸ் வந்தார், உங்க ரூம் லைட்டு மினுக்குதுன்னு சொன்னீங்களே மேடம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார். அவர் கீழே இறங்குவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டேன். அவர் மேல் எனக்கு அப்படி ஒன்றும் பெரிய அபிமானம் கிடையாது, அந்த விளக்கு இப்போதும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவர் அங்கே இருக்கிறார், நீ இன்னும் வரவில்லை. இதைத் தவிர எனக்கு வேறு நியாயம் தெரியவில்லை.

அதனால் அங்கே இருக்கிற நிரந்தர வேலையை இதற்காக விட்டுவிடாதே. ஒரு வருடம் உட்கார வைப்பார்கள், அப்புறம் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்று விதியைக் காட்டுவார்கள், அந்தக் காகிதத்தில் நிதி அலுவலர் கையெழுத்து வேண்டும், அது என் கையெழுத்து. மகளுக்கு அதைப் போட என்னால் ஆகாது. ஆட்சிக்குழு கூடும் வரை இதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அலுவலக விஷயம் ஒன்றுகூட நான் வீட்டில் பேசியதில்லை, அப்பா தூண்டித் துருவிக் கேட்டும் சொன்னதில்லை, இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன். படித்ததும் படங்களை அழித்துவிடு. யார் கேட்டாலும் மனசு மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்.

பெற்ற தாயே வேண்டாம் என்கிறாளே என்று நினைக்காதே. நீ வர வேண்டும் என்று இந்த வீட்டில் அதிகம் ஏங்கியது அப்பா இல்லை, நான்தான். அவர் வாய்விட்டுச் சொல்லித் தீர்த்துக்கொள்வார், எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அலுவலகத்தில் மதியம் சாப்பிட உட்காரும்போது ஜன்னலுக்கு நேரே வரைபடப் பிரிவுதான் தெரிகிறது, சாய்ந்த மேசைகள் வரிசையாக இருக்கும். நீ மட்டும் அங்கே இருந்தால் தினமும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவாய், குழம்பில் உப்பு இல்லை என்று என் உயிரை வாங்குவாய் என்று இந்த வாரம் முழுக்க நினைத்தேன். நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது.

அப்பாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்லிவிடுகிறேன், உன் தலையில் கட்ட மாட்டேன். ஏன் எதற்கு என்று அவரிடம் சொல்ல முடியாது, நான் வேண்டாம் என்றேன் என்று மட்டும் சொல்வேன், கொஞ்ச நாள் என்னோடு பேச மாட்டார், பரவாயில்லை. காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏணியில் நிற்கிறவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று சுவர் முடிந்துவிட்டது, நாலாவதையும் அடித்து முடிக்கட்டும். இப்போதுகூட ஜன்னல் கம்பிக்கு நீலம் அடிக்கவா வெள்ளை அடிக்கவா என்று உள்ளேயிருந்து கத்துகிறார். நீலம் என்று சொல்லியிருக்கிறேன், உனக்கு அதுதானே பிடிக்கும்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. முதுகுவலிக்கு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டாதே, ஒருமுறை டாக்டரைப் பார். லீவு கிடைத்தால் வா, சும்மா வா, அறை புதுசாக இருக்கும். எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாமல், மனசுக்குப் பிடித்த வேலையோடு, யாருக்கும் பயப்படாமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி, அவரைக் கேட்காமலே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக் கட்டணத்திலிருந்து எல்லாவற்றுக்கும் கடைசித் தேதியை ஞாபகப்படுத்தி உன்னை நச்சரித்தவள் நான். இந்த முறையும் ஞாபகப்படுத்துகிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மறந்துவிடு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா