அக்கா வாங்கியதே எனக்கும்

ஹேவாஹெட்ட
03.02.2025

அன்புள்ள பெற்றீசியா அக்காவுக்கு,

இங்கே நானும் பிள்ளைகள் மூவரும் சுகம். வங்கி வட்டிக்குத்தான் சுகமில்லை. போனில் பேசினால் சண்டைதான் மிஞ்சுகிறது என்று நாம் கடிதத்துக்கு மாறி ஆறு வருஷம். இதையும் சண்டையில்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்திச் சேர்த்த ஆறு லட்சம் ஃபிக்ஸட்டில் கிடக்கிறது. முந்தி மாதம் பத்தாயிரம் தந்தது, இப்போது நாலாயிரம். உனக்கோ ஏதோ நிதியத்தில் போட்ட நாலு லட்சத்துக்கே அந்த நாலாயிரம் வருகிறதாம்! டிசம்பரில் நத்தார் வாழ்த்தோடு வந்த கடிதத்தில் பெரிதாக எழுதியிருந்தாய். முன்னறையில் உட்காரப் புதுக் கதிரை செற் வேறு. வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நத்தாருக்கு ஒரே துணியில் நமக்குச் சட்டை தைக்கும்போது உனக்கு ஒரு சுருக்கம் கூடினாலும் அழுவேனே, அந்தக் குணம் இன்னும் போகவில்லை. அது என்ன நிதியம்? ஒளிக்காமல் எழுது.

தங்கை றேணுகா

கண்டி
12.02.2025

அன்புத் தங்கை றேணுவுக்கு,

கடிதம் கையைச் சுட்டது. பரவாயில்லை, உன் கோபம் எனக்குப் பழகியதுதானே.

இது மூடிய நிதியம். தொடங்கும்போதே இத்தனை அலகு என்று விற்றுவிட்டு வாசலைச் சாத்திவிடுவார்கள். பிறகு, வைத்திருப்பவர் யாராவது பங்குச் சந்தையில் விற்றால்தான் வாங்கலாம். உள்ளே இருக்கிற சொத்தின்படி ஓர் அலகின் பெறுமதி பத்து ரூபாய். யாரும் சீந்தாத நேரத்தில் நான் இங்கே தரகர் ரிஸ்கான் மூலம் எட்டு ரூபாய்க்கு ஐம்பதினாயிரம் அலகு வாங்கினேன். வட்டி குறைந்ததும் எல்லோரும் இதைத் துரத்துகிறார்கள், விலை பன்னிரண்டாகிவிட்டது. எந்த விலைக்கு வாங்கினாலும் மாதம் கிடைப்பது அலகுக்கு எட்டுச் சதம்தான். ஆகவே நீ வாங்காதே.

எங்களுக்கு இங்கே ஒரு குறையுமில்லை. அத்தானும் நலம்.

அக்கா

ஹேவாஹெட்ட
15.03.2025

அக்கா,

"வாங்காதே" என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நீ பந்தியில் உட்கார்ந்ததும் கதவைச் சாத்தச் சொல்கிறாய். அப்படித்தான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

ஃபிக்ஸட்டை உடைத்தேன். பெப்ரவரி இருபதாம் திகதி கண்டிக்கு வந்து, உன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், உன் தரகர் ரிஸ்கானின் கந்தோருக்கே போனேன். "அக்கா வாங்கினது எதுவோ அதேதான் எனக்கும் வேணும். அவங்களுக்கு எத்தனையோ அத்தனை" என்றேன். "டீச்சர், வெலைய ஒருக்காப் பாருங்களேன்" என்றார். நான் பார்க்கவில்லை. ஐம்பதினாயிரம் அலகு, ஆறு லட்சம்.

நேற்று முதல் காசு வந்தது. நாலாயிரம். ஃபிக்ஸட்டில் வந்த அதே நாலாயிரம்! விலையும் இப்போது ஒன்பதுக்கு இறங்கிவிட்டதாம். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

றேணுகா

கண்டி
21.03.2025

றேணு,

எழுதக் கை வரவில்லை. இருபதாம் திகதி அந்த ஐம்பதினாயிரத்தையும் விற்றது நான்தான்.

ரிஸ்கானிடம் போய், "அன்னைக்கு வேற யாராச்சும் வித்தாங்களா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல மிஸ். நீங்க வித்ததை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

உன் அத்தான் அமலதாசுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன். ஜனவரியிலேயே நாள் குறித்துவிட்டார்கள். ஆறு லட்சமும் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. கதிரை செற்றையும் விற்றாயிற்று. இப்போது மெதுவாக நடக்கிறார்.

உனக்கு ஏன் சொல்லவில்லை? நீ பொறாமைப்படுவது எனக்குப் பிடித்திருந்தது, றேணு. உனக்கு மூன்று பிள்ளைகள், எனக்கு ஒன்றுமில்லை. கடிதத்தில் நீ அவர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். உன்னைவிட நான் மேலே இருந்தது இந்த ஒரு காரியத்தில்தான். அதை விட மனம் வரவில்லை. எனக்கு வந்த லாபம் இரண்டு லட்சமும் உன்னுடையது. எப்படியாவது தந்துவிடுகிறேன்.

அக்கா

ஹேவாஹெட்ட
26.03.2025

அக்கா,

அந்த இரண்டு லட்சத்தை அனுப்பினால் கிழித்துப் போடுவேன்.

"அவருக்கு நெஞ்சு சரியில்லை, காசு வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதே ஆறு லட்சத்தையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருப்பேனே! ஆஸ்பத்திரியில் அத்தான் பக்கத்தில் இருந்திருப்பேன். அதற்குப் பதிலாக முகம் தெரியாதவள்போல் சந்தையில் நின்று உன்னிடம் வாங்கியிருக்கிறேன்.

உன் கஷ்டத்தைப் பார்த்து நான் என்றைக்கும் பொறாமைப்பட்டதில்லை, அக்கா. உன் நல்லதைத்தான் என்னால் தாங்க முடியாது. நீ அதை மட்டும்தான் எனக்கு எழுதினாய்.

றேணு